கிராணியார் முடி பறந்த வீடியோ

வேண்டிக்கொண்டவள் புஷ்பவள்ளி. முடி அமிர்தலிங்கத்துடையது. இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அமிர்தலிங்கம் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லத்தான் ஆளில்லை. மாரியம்மனிடம் முறையிடலாம் என்றால், அவள் ஏற்கெனவே புஷ்பவள்ளி கட்சி.

சிரம்பானை அடுத்த லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அமிர்தலிங்கம் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவர். இருபத்தெட்டு வருஷமாக அதே ஆபீஸ், அதே மேசை. வயது ஐம்பத்து மூன்று. அந்த வயதுக்கு வர வேண்டிய முட்டிவலி வந்துவிட்டது, இனிப்புநீர் வியாதி வந்துவிட்டது, வாசிக்கக் கண்ணாடியும் வந்துவிட்டது. போக வேண்டிய முடி மட்டும் போகவில்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் நெற்றி உச்சந்தலை வரை ஏறிப்போன பிறகும், இவருக்கு மட்டும் சுருள் சுருளாக, சீப்பு போனால் திரும்பி வர யோசிக்கிற அளவுக்கு அடர்த்தி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நரைக்கு மை போடுவார். அது ஊரில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு சீப்பு இருக்கும். மற்றது எது கேட்டும் அரைகுறையாகவே கொடுத்த ஆண்டவன், தனக்கு ஒழுங்காகக் கொடுத்தது இந்த முடி ஒன்றுதான் என்பது அவர் எண்ணம். அதன்மேல் அவருக்கு உயிர்.

புஷ்பவள்ளி தோட்டத்துத் தடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அவர்களுடைய ஒரே மகள் ஷாமினி ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, போஸ்டிங் கடிதத்துக்காக ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஒன்றரை வருஷத்தில் புஷ்பவள்ளி ஏறாத கோவில் இல்லை. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, பிள்ளைக்கு வேலை கிடைத்தால் தன் வீட்டுக்காரர் திருவிழாவில் முடி இறக்குவார் என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டாள். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வாசலில் நின்று இரண்டு ஜோடிச் செருப்புக்குக் காவல் இருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பதாம் நாள் கடிதம் வந்தது. சரவாக்கில் ஒரு பள்ளிக்கூடம். விமானத்தில் போய் இறங்கி, நாலு மணி நேரம் காரில் போய், அப்புறம் படகில் ஏற வேண்டும்.

அமிர்தலிங்கம் அந்தப் படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வேல கேட்டா படகு குடுத்திருக்கா. இதுக்கு முழு முடியா?"

"நான் வேல கேட்டேன், குடுத்துட்டா. எந்த ஊருன்னு சொல்லாம விட்டது என் தப்பு. அதுக்கு அவ என்னா பண்ணுவா?"

அடுத்து, பெண்கள் கொடுக்கிற மாதிரி பூமுடி கொடுத்தால் போதாதா, நுனியில் மூன்று வெட்டு வெட்டிப் போட்டால் அம்மன் வேண்டாமென்றா சொல்லப்போகிறாள் என்று கேட்டுப் பார்த்தார். மீசை வைத்த ஆம்பிளை பூமுடி கொடுத்ததாக இந்த ஜில்லாவிலேயே கேள்விப்பட்டதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். மொட்டை போட்டால் மண்டையில் சூடு ஏறும் என்று டாக்டர் சொன்னதாக ஒன்றை எடுத்துவிட்டார். எந்த டாக்டர் என்று அவள் கேட்டாள். அத்தோடு அந்த டாக்டர் காணாமல் போனார்.

கடைசியில் ஒருநாள், எங்கிருந்து வந்த தைரியமோ, நேரடியாகவே கேட்டுவிட்டார்.

"வேண்டிக்கிட்டது நீ. ஒன் முடியக் குடுத்தா என்னா?"

புஷ்பவள்ளி கோபப்படவில்லை. அதுதான் அவளிடம் உள்ள கஷ்டம்.

"சாமிக்குக் குடுக்கிறப்ப வீட்டுல இருக்கிறதுலயே நல்லதத்தான் குடுக்கணும். என் முடி எலிவாலு. அன்னைக்கிப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க முடியப் பாத்துத்தான் நானே சரின்னு சொன்னேன்."

அமிர்தலிங்கத்துக்கு முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணாடி முன்னால் போய் ஒரு முறை தலையை வாரிக்கொண்டார். வாரி முடித்த பிறகுதான், தோற்றுப்போய்விட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

திருவிழாவுக்கு ஐந்து வாரம் இருந்தது. பேசிப் பேசி அவருக்கு அலுத்துப்போய்விட்டது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் பேசி ஜெயித்தது கிடையாது. ஆனால் பேசாமல் ஜெயிக்கிற வித்தை ஒன்று அவரிடம் இருந்தது. அதன் பெயர் பவர்பாயிண்ட்.

அதைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுத்து முடித்ததும், வேலையிடத்துப் பாதுகாப்பைப் பற்றித் தொழிலாளிகளுக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று நிர்வாகம் அவர் தலையில் கட்டியிருந்தது. இப்போது தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா. இவர் தமிழில் சொன்னால் ஒரு பக்கம் முழிக்கும், மலாயில் சொன்னால் இன்னொரு பக்கம் முழிக்கும். அலுத்துப்போன அமிர்தலிங்கம் படம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். செம்பனை மரம், கீழே ஹெல்மெட் இல்லாத ஓர் ஆள். ஒரு பட்டனைத் தட்டினால் மேலேயிருந்து குலை வளைந்து வளைந்து இறங்கி வந்து அந்த ஆள் மண்டையில் உட்காரும். ஆள் தட்டையாகப் போவான். மூன்று தேசமும் ஒன்றாகச் சிரித்தது, மறுநாள் எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருந்தது. மேனேஜரே வந்து கை கொடுத்தார். என் படத்துக்குப் பாஷை வேண்டியதில்லை என்று அமிர்தலிங்கம் அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் அதற்காக அவர் வருத்தப்பட நேர்ந்தது.

ஆக, திட்டம் இதுதான். தான் மொட்டை போட்டால் எப்படி இருப்போம் என்று ஒரு வீடியோ செய்து புஷ்பவள்ளிக்குக் காட்டுவது. பார்க்கிறவள் பதறிப்போய், ஐயோ வேண்டாம், முடிக்குப் பதில் ஒரு வெள்ளி உருவம் வாங்கி உண்டியலில் போட்டுவிடலாம் என்று அவளாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தார். தன் படத்திலிருந்து முடியை மட்டும் ஓரம் பிசகாமல் வெட்டித் தனித் துண்டாக்கி, அது வெடுக்கென்று தலையைவிட்டுப் பறந்து போகிற மாதிரி வைத்தார். நெற்றித் தோலின் நிறத்தை எடுத்து ஒரு முட்டை வடிவத்துக்குப் பூசி, அதைத் தலையில் கவிழ்த்தார். உள்ளதைவிடக் கொஞ்சம் கோணலாகவே கவிழ்த்தார். ஒரு பக்கம் புடைப்பு, இன்னொரு பக்கம் பள்ளம். மேலே ஒரு வெளிச்சப் பொட்டு வைத்து, அது அணைந்து அணைந்து எரிய விட்டார். இடது பக்கமிருந்து இரண்டு காக்கா பறந்து வந்து உச்சியில் உட்கார்ந்தன. பிறகு, பெரட்டுக்குச் செய்த அதே குலையை எடுத்து வந்து, அதே வளைவில் இறக்கி, அந்த மொட்டையில் ஒரு தட்டுத் தட்டி எகிற வைத்தார். முடிவில் சிவப்பெழுத்தில், 'இது தேவையா?' என்று எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. மொத்தம் நாற்பது வினாடி. போட்டுப் பார்த்தபோது அவருக்கே பயமாக இருந்தது. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், புஷ்பவள்ளி குசினி மேசையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, ஒன்றும் சொல்லாமல் பட்டனைத் தட்டினார். அவள் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பதறவில்லை, சிரிக்கவும் இல்லை. நெத்திலித் தலைகள் ஒரு பக்கம் குவிந்துகொண்டே இருந்தன.

"அந்த முடி எப்படிங்க தனியா கெளம்பிப் போவுது?"

இந்த இடத்தில்தான் அமிர்தலிங்கம் வழுக்கினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருஷத்தில் அவர் மனைவி அவரிடம் ஒரு விஷயத்தை எப்படிச் செய்வது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே படத்தை இரண்டு பக்கத்தில் வைக்க வேண்டும், முதல் பக்கத்தில் முடி இங்கே, அடுத்த பக்கத்தில் முடி அங்கே, பிறகு மார்ஃப் என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தினால் முடி தானாகவே இங்கேயிருந்து அங்கே போய்விடும் என்று விளக்கினார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"நடுவுல அது எப்படிப் போவணும்னு நாம சொல்ல வேணாமா?"

"வேணாம்லா. ஆரம்பத்தையும் முடிவையும் நாம வச்சிட்டா போதும். நடுவுல உள்ளத அதுவே பாத்துக்கும்."

"ஓகோ," என்றாள் புஷ்பவள்ளி. கையைக் கழுவிக்கொண்டு வந்து, தானே ஒரு தடவை முடியை நகர்த்திப் பார்த்தாள். காக்கா எங்கே கிடைத்தது, மணிச் சத்தம் வைக்க முடியுமா, பூ கொட்டுகிற மாதிரி செய்ய முடியுமா என்றெல்லாம் கேட்டாள். தடிகா பிள்ளைகளுக்கு உதவும் என்றாள். அமிர்தலிங்கம் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். இவ்வளவு நல்ல மாணவியை அவர் பார்த்ததில்லை. பாடம் முடிந்த பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்து, என்ன முடிவு என்று கேட்டார்.

"பாத்தாக்க பாவமாத்தான் இருக்கு. யோசிக்கிறேன்," என்றாள் அவள்.

யோசிக்கிறேன் என்று புஷ்பவள்ளி சொன்னதே பெரிய விஷயம். அமிர்தலிங்கம் அன்றைக்குச் சோறு இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் முடியைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றே அவர் முடிவு கட்டினார். திங்கட்கிழமை லோபாக் கடைத்தெருவுக்குப் போய்ப் புதுசாக ஒரு மை டப்பா வாங்கி வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கோவில் தலைவர் நல்லசாமி வந்தார். தொழிலாளிகளை மேய்த்த பழைய மண்டோர். பென்ஷன் வாங்கிய பிறகும் யாரையாவது வேலை வாங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பெரட்டுக்குச் செய்கிற மாதிரி திருவிழா அழைப்பையும் படம் ஓடுகிற வீடியோவாகச் செய்து கொடுத்தால், தோட்டத்தைவிட்டுப் போன ஜனங்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று கேட்டார். அமிர்தலிங்கத்துக்கு அலுப்புதான். ஆனால் தான் முடி இறக்காமல் தப்பிக்கப் போவதற்கு அம்மனுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? இதைச் செய்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தோன்றியது. சரி என்றார்.

நன்றாகவே செய்தார். கோபுரம் தூரத்திலிருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கொடி கம்பத்தில் மெல்ல மெல்ல ஏறியது. தேர் வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு ஆடி அசைந்து போனது, அதன் சக்கரங்களைத் தனியே சுற்றவிட்டிருந்தார். நடுநடுவே கொடியேற்றம், பால்குடம், அன்னதானம் என்று நாளும் நேரமும் வந்து போயின. கடைசியில் 'நன்றி, வணக்கம்'. எல்லாம் சரி, தமிழ் எழுத்துத்தான் அவருக்குத் தகராறு. பெரிய றவா சின்ன ரவா என்று வந்துவிட்டால் கிராணியார் இரண்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்ப்பார்.

"புஷ்பா, நீ டீச்சர்தான. எழுத்துப் பிழ மட்டும் பாத்துக் குடு," என்று மடிக்கணினியை அவளிடம் கொடுத்தார்.

அவள் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, பார்த்துவிட்டேன் என்று திருப்பிக் கொடுத்தாள். 'அன்னதானம்' சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டார். எல்லாமே சரியாக இருக்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து பக்கங்களைத் தட்டிக்கொண்டே வந்தார். கண்ணாடி டிவி மேல் இருந்தது. எழுந்துபோய் எடுக்க அலுப்பு. 'நன்றி, வணக்கம்' வந்ததும் நிறுத்திக்கொண்டார். நன்றி வணக்கத்துக்கு அப்புறம் யார் பார்ப்பார்கள்? வீடியோவாக மாற்றுகிற பட்டனை அழுத்தினார். அந்தப் பழைய மடிக்கணினி அந்த வேலைக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சோபாவில் சாய்ந்தவர் தூங்கிப்போனார். முழித்தபோது வீடியோ தயாராக இருந்தது. அதை அப்படியே தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். லாபுவில் இருப்பவர்கள், லோபாக்குக்கும் அம்பாங்கானுக்கும் வீடு மாறிப் போனவர்கள், சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் என்று இருநூற்றுப் பதினேழு பேர் அதில் உண்டு. கைகூப்புகிற படங்கள் வரிசையாக வர ஆரம்பித்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

மறுநாள் பெரட்டில் ஏதோ சரியில்லை. பெயர் கூப்பிட்டால் ஆள் வந்து நிற்கிறான், நின்றவன் இவர் முகத்தைப் பார்க்காமல் முகத்துக்கு மேலே பார்க்கிறான். நேப்பாளத்துக்காரன் ஒருவன் கைகூப்பினான். பின்வரிசையில் ஒரு வங்காளதேசத்துப் பையன், தன் தலையிலிருந்து கையை மெல்லத் தூக்கி, காற்றில் வளைத்து வளைத்துக் கொண்டுபோய் எங்கோ தூரத்தில் வைத்துக் காட்டினான். பக்கத்திலிருந்தவன் அவனை அடக்கினான். அமிர்தலிங்கம் அடுத்த பெயரைக் கூப்பிட மறந்தார். அந்த வளைவு அவருக்குத் தெரிந்த வளைவு.

ஆபீஸுக்கு வந்தால் அங்கே நல்லசாமி தலைப்பாகையை எடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"கிராணியாரே, ஒங்கள என்னமோன்னு நெனச்சிருந்தேன். இப்படி ஒரு பக்தின்னு தெரியாமப் போச்சு. நேத்துலேருந்து எல்லாருக்கும் அதத்தான் காட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஆள் இல்ல."

அவர் போன பிறகு அமிர்தலிங்கம் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். கோபுரம் வந்தது. கொடி ஏறியது. தேர் போனது. நன்றி, வணக்கம். பிறகு மூன்று வினாடி இருட்டு. அந்த இருட்டிலிருந்து ஒரு மணிச் சத்தம். அவருடைய படம் மெல்லத் தெளிந்து வந்தது. சட்டை, மீசை, சுருள் முடி எல்லாம் இருந்தன. முடி தலையைவிட்டுக் கிளம்பியது. அவர் செய்ததுபோல வெடுக்கென்று போகவில்லை. தயங்கித் தயங்கி, பூ கொட்டுவதற்கு நடுவே மிதந்து போய், அம்மன் காலடியில் அமர்ந்தது. காக்காவைக் காணோம், குலையைக் காணோம். மொட்டைத் தலையில் இருந்த புடைப்பையும் பள்ளத்தையும் புஷ்பவள்ளி நிரவியிருந்தாள். வெளிச்சப் பொட்டை மட்டும் விட்டுவைத்து, அதைத் தலைக்குப் பின்னால் நகர்த்தி ஒளிவட்டம் ஆக்கியிருந்தாள். கீழே ஒரு பிழையில்லாமல் எழுத்துகள் வந்தன: 'மகள் ஷாமினிக்கு ஆசிரியர் பணி கிடைத்த மகிழ்ச்சியில், திரு அமிர்தலிங்கம் அவர்கள் தம் முடியைக் காணிக்கை செலுத்துகிறார். வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி. அனைவரும் வருக.'

ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தைவிட அதிகமாகப் பொறாமை வந்தது. அந்த முடி அவ்வளவு மெதுவாகப் போய் உட்காருகிறதே, அதை எப்படிச் செய்தாள் என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் அழிக்க வேண்டும் என்ற நினைப்பே வந்தது. அழித்தும் பார்த்தார். அதற்குள் அது அம்பாங்கானுக்குப் போய், அங்கே இருக்கிற கொழுந்தியா தனலெட்சுமி தன் குரூப்பில் போட்டு, அங்கிருந்து அவருக்கே இரண்டு பேர் அனுப்பியிருந்தார்கள். தனலெட்சுமி போனிலும் கூப்பிட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமைக்கு வேன் பேசியாகிவிட்டதாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததும் அமிர்தலிங்கம் சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்.

"என்னா வேல செஞ்சி வச்சிருக்க?"

"நான் என்னா செஞ்சேன்?"

"குரூப்புல அனுப்பியிருக்கியே."

"நான் எங்க அனுப்புனேன்? நீங்கதான அனுப்புனீங்க. ஒங்க போன்லேருந்துதான் வந்திருக்கு."

"எழுத்துப் பிழ பாக்கத்தான குடுத்தேன்."

"பாத்தேன். ஒரு பக்கம் கொறையா இருந்துச்சு, சேத்தேன்." சோற்றைப் போட்டு மீன்குழம்பை ஊற்றினாள். "ஆரம்பத்தையும் முடிவையும் நாம வச்சிட்டா போதும், நடுவுல உள்ளது அதுவே பாத்துக்கும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. ஒக்காந்து சாப்பிடுங்க. நாளையிலேருந்து விரதம், மீனு கெடைக்காது."

அமிர்தலிங்கம் உட்கார்ந்தார். சண்டை போடத் தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. இருநூற்றுப் பதினேழு பேர், தனலெட்சுமியின் வேன், மூன்று தேசத்துத் தொழிலாளிகள், இத்தனை பேரிடமும் போய் இல்லை என்று சொல்வதைவிட மொட்டை போட்டுக்கொள்வது சுலபம். அன்று சாயங்காலம் சரவாக்கிலிருந்து ஷாமினி கூப்பிட்டாள். போன் பிடிக்கிற இடத்துக்காக மேட்டில் ஏறி நின்று பேசினாள். எனக்காகவாப்பா என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். பிள்ளை அழுததும் இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். ஆமாம்மா, ஒனக்காகத்தான், நானாத்தான் வேண்டிக்கிட்டேன் என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி அடுத்த சட்டையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கோவிலில் நிற்க இடமில்லை. லோபாக்கில் சலூன் வைத்திருக்கும் ஆறுமுகம் வருஷா வருஷம் திருவிழாவுக்கு வந்து முடி இறக்குகிறவர். பலகையில் உட்கார்ந்த அமிர்தலிங்கத்தின் தலையில் தண்ணீரைத் தெளித்துப் பிசைந்தவர், தன் விரலைப் பார்த்தார். கருப்பாக இருந்தது. சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நல்லசாமி நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் கற்றை மடியில் விழுந்தபோது அமிர்தலிங்கத்துக்கு நிஜமாகவே கண் கலங்கியது. பார்த்தவர்கள் பக்தி என்றார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி தலை நிமிர்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன முடி. தட்டில் கிடந்தபோது அது வெறும் கருப்புக் குப்பையாகத்தான் தெரிந்தது. மிதக்கவில்லை, பூவும் கொட்டவில்லை. தலையில் காற்றுப் பட்டது அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஆறுமுகம் சவரக்கத்தியைத் துடைத்துவிட்டுச் சந்தனத்தை எடுத்தார். மீசை, என்று அமிர்தலிங்கம் தயங்கிக் கேட்டார். இந்தக் கோவில் வழக்கத்தில் முடியோடு மீசையும் போய்விடும். அதற்கும் சேர்த்துத்தான் அவர் மனத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"மீசையில கை வைக்க வேணாம்னு அக்கா சொல்லிட்டாங்கண்ணே," என்றார் ஆறுமுகம்.

அந்த ஒரு வார்த்தையில் அமிர்தலிங்கத்தின் கோபம் எல்லாம் கரைந்துபோனது. எப்படியிருந்தாலும் கட்டினவள் கட்டினவள்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டவள், போகட்டும் என்று ஒன்றை விட்டுவைத்திருக்கிறாளே. அர்ச்சனை முடிந்து, அன்னதானம் முடிந்து, பார்த்தவர்கள் எல்லாரும் தலையைத் தடவிப் பார்த்து முடித்து, இரண்டு பேரும் காருக்கு வந்தார்கள். வண்டியை எடுக்கிறதுக்கு முன்னால் அவர் மேலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, சந்தனம் பூசிய தலையை ஒரு தடவை பார்த்தார். வீடியோவில் தான் செய்து வைத்திருந்த புடைப்பும் பள்ளமும் அதே இடத்தில் அப்படியே இருந்தன. பரவாயில்லை, மீசை இருந்தது. முறுக்கிவிட்டுக்கொண்டார்.

"மீசையையாச்சும் விட்டியே புஷ்பா," என்றார்.

"விடலங்க," என்றாள் புஷ்பவள்ளி, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "அது அடுத்த வருஷத்துக்கு. பாப்பாவுக்கு சரவாக்குலேருந்து டிரான்ஸ்பர் கேட்டு இப்பத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன். இந்தத் தடவ ஊர் பேர சொல்லித்தான் கேட்டிருக்கேன், சிரம்பான்னு."

அமிர்தலிங்கம் சாவியைத் திருப்பவில்லை. மீசையிலிருந்த கையையும் எடுக்கவில்லை.

"வீடியோவப் பத்தி நீங்க கவலப்பட வேணாம்," என்றாள் அவள். "நானே செஞ்சி வச்சிட்டேன். எழுத்துப் பிழ மட்டும் பாத்துக் குடுங்க."